கூரை மாறியது, குளிர்ச்சிக்குச் செலவு வந்தது



சித்திரை பிறந்துவிட்டால் ஊர்ப்பக்கம் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுத்தான். "பகல்லகூட எப்படியோ வயக்காட்டு மரத்தடியில ஒதுங்கிக்கலாம், ராத்திரி வீட்டுக்குள்ள படுக்க முடியலையே!" நீங்களும் சொல்லியிருப்பீர்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கத்தானே வீடு? அந்த வீடே அடுப்பாகிப் போனால் மனிதன் எங்கே போவான்? மின்விசிறியைத் திருகுகிறோம். அது போதாமல் குளிர்சாதனப் பெட்டியைத் தவணையில் வாங்குகிறோம். அப்புறம் மின் கட்டண அட்டையைப் பார்த்து வியர்க்கிறோம்.

இந்தச் செலவு நம் தாத்தாவுக்கு இல்லை. வெயில் அவருக்கும் இருந்தது. அப்படியானால் இடையில் என்ன நடந்தது? அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். கதை தெரிந்தால் வைத்தியமும் தெரிந்துவிடும்.

முதலில் எங்கள் வீட்டுச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். 1991-ல் கீற்றுக் கூரையைப் பிரித்துவிட்டு மெத்தை வீடு கட்டினோம். ஊரே வந்து பார்த்தது. எங்கள் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தளம் போட்டு முடித்ததும், "மேலே சுருக்கி போட்டுத் தட்டோடு பதிச்சிடுங்க தம்பி" என்று கொத்தனார் சொன்னார். கையில் பணம் தீர்ந்துவிட்டது. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று நான்தான் நிறுத்தினேன். அடுத்த கோடையில் அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். "நெல்லு அவிக்கிற அண்டாவுக்குள்ள படுத்த மாதிரி இருக்குடா" என்றார்கள். அந்த 'அடுத்த வருஷம்' வருவதற்கு இருபது வருஷம் ஆயிற்று. நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த காசை மின்விசிறிக்கும் மின்சாரத்துக்கும் பல மடங்காகக் கட்டினேன். அம்மா கட்டிய விலை வேறு. கோடை முழுக்க அவர்களுக்கு நல்ல தூக்கமே இல்லாமல் போயிற்று.

கீற்றுக்குள் இருந்த காற்று

கூரை வீடு ஏன் குளிர்ச்சியாக இருந்தது? தென்னங்கீற்றோ, பனை ஓலையோ, விழலோ, வைக்கோலோ, எதை வேய்ந்தாலும் அதன் அடுக்குகளுக்குள் காற்று சிக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். அசையாத காற்று சூட்டைச் சுலபத்தில் கடத்தாது. மாங்காயை வைக்கோலுக்குள் மூடிப் பழுக்க வைக்கிறோமே, உள்ளே இருக்கிற சூடு வெளியே போவதில்லை அல்லவா? அதே வைக்கோல் கூரையில் இருந்தால் வெளிச்சூடு உள்ளே வராது. இறக்கிவிட்ட தாழ்வாரம் சுவரில் வெயில் படாமல் பார்த்துக்கொண்டது. மண் சுவர் பகல் சூட்டை மெதுவாக வாங்கியது. சாணம் மெழுகிய தரை காலுக்குக் குளிர்ந்தது.

ஓடும் நமக்குப் புதிதல்ல. சிவகங்கை மாவட்டம் கீழடியில் 2015-ல் தொடங்கிய அகழாய்வில், கயிறு கட்டத் துளையிட்ட கூரை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஓட்டு வீடு இருந்திருக்கிறது. நாட்டு ஓடு வேய்கிறவர் அதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேய்வார். அடுக்குக்கு நடுவே காற்று. இடுக்கு வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும்.

நாம் ஜன்னல் என்கிறோமே, அது போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்த சொல். சிலப்பதிகாரத்தில் அதற்கு 'காலதர்' என்று பெயர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வருகிற வழி! பெயரிலேயே வேலை இருக்கிறது. காற்று வரவும் வேண்டும், போகவும் வேண்டும். அதனால்தான் பழைய வீட்டில் வாசற்படியில் நின்று பார்த்தால் கொல்லைப்புறம் தெரியும். நடுவில் முற்றம். ராத்திரி குளிர்ந்த காற்று முற்றத்தில் இறங்கும். பகலில் சூடான காற்று அதன் வழியாகவே மேலேறும். வாசலில் திண்ணை. வழிப்போக்கனுக்கும் அதில் நிழல்.

வசதியுள்ளவர்கள் தளம் போட்டார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் சொல்வது அதைத்தான். தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் சிறு செங்கல்லை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டுவார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்டுகள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள் கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு. அத்தனை கனத்தையும் தாண்டி வெயில் உள்ளே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

1865-ல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபையார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அங்கிருந்து பரவியதுதான் நாம் சீமை ஓடு என்கிற மங்களூர் ஓடு. இது பகலில் சூடானாலும் பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். அதன் கீழே பலகை மச்சு போட்டவர்களுக்குப் பகலிலும் தொல்லை இல்லை.

துரைமார் வாங்கிய குளிர்ச்சி

குளிர்ச்சிக்குக் காசு செலவழிக்கிற பழக்கம் அரண்மனையிலும் துரைமார் பங்களாவிலும்தான் இருந்தது. வெட்டிவேர்த் தட்டியை வாசலிலும் ஜன்னலிலும் தொங்கவிட்டு, ஆள் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருக்கிற சூட்டை எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். அறையின் உச்சியில் பெரிய துணி விசிறி ஒன்று தொங்கும். பங்கா என்று பெயர். அதன் கயிற்றை வெளியே ஒருவர் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ராத்திரியிலும்கூட. உள்ளே ஒருவருக்குக் காற்று வர, வெளியே ஒருவர் வியர்வை சிந்தினார்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் குளிர்காலத்தில் ஏரி உறைந்து போகும். ஃப்ரெடரிக் டியூடர் என்ற வியாபாரி அந்தப் பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றி 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடல் பயணம். சுமார் 180 டன் ஏற்றியதில் 100 டன் போல வந்து சேர்ந்தது. சென்னைக்கும் ஐஸ் வந்தது. அதைச் சேமிக்க 1842-ல் கட்டியதுதான் மெரினா கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

கொதிக்கிற கடலில் நான்கு மாதம் ஐஸ் எப்படித் தாங்கியது? மந்திரமில்லை. மரத்தூளை அடைத்துக் கொண்டுவந்தார்கள். மரத்தூளுக்குள் அசையாத காற்று. நம் கீற்றுக்குள் இருந்த அதே காற்றுதான்! எந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றதும் அந்தக் கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது.

1902-ல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் என்ற பொறியாளர் குளிர்சாதன எந்திரத்தை வடிவமைத்தார். அதுவும் மனிதனுக்காக அல்ல. நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் உப்பிச் சுருங்கி, வண்ணம் விலகி விழுந்தது. அந்தக் காகிதத்தைக் காக்க வந்த எந்திரம்தான் இன்று நம் படுக்கையறைச் சுவரில் ஏறியிருக்கிறது.

சிமெண்டு வந்த வழி

நம் ஊருக்குள் சிமெண்டு எப்படி வந்தது? தமிழ்நாட்டில் மதுக்கரை, டால்மியாபுரம் ஆலைகள் 1930-களில் வந்தன. திருநெல்வேலிப் பக்கம் தாழையூத்தில் 1949-ல் ஆலை ஓடத் தொடங்கியது. ஆனாலும் வெகுகாலம் சிமெண்டு கட்டுப்பாட்டுச் சரக்கு. பத்து மூட்டை வேண்டுமென்றால் பர்மிட்டுக்கு மனுப்போட்டுக் காத்திருந்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1982-ல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. 1989-ல் முழுவதும் நீங்கியது. அதற்குப் பிறகுதான் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு கான்கிரீட் தளம் எழும்பியது. 2010-ல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கும் அரசுத் திட்டம் வந்தது. 2024-ல் கலைஞர் கனவு இல்லம் வந்தது.

கூரையை விட்டது தப்பா? தப்பே இல்லை. கீற்றுக்கு ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை செலவு. புயல் வந்தால் பறக்கும். பாம்பும் தேளும் குடியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே தீ. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் மாண்டதை எந்தத் தாயும் மறக்க மாட்டாள். மழைக்கும் தீக்கும் அஞ்சாமல் கண்மூட ஒரு வீடு வேண்டும் என்று ஏழை ஆசைப்பட்டதில் என்ன குற்றம்?

தவறு வேறு இடத்தில். கூரையோடு சேர்த்து அது செய்த வேலைகளையும் தூக்கி எறிந்துவிட்டோம். தாழ்வாரம் போயிற்று, சுவரில் வெயில் விழுந்தது. முற்றத்தை மூடினோம், சூடு போக வழி இல்லை. திண்ணையை இடித்து இரும்பு கேட் போட்டோம். தளத்தின் மேலே சுண்ணாம்பும் இல்லை, தட்டோடும் இல்லை. நாலைந்து அங்குலக் கான்கிரீட் ஒன்றே வெயிலுக்கும் நமக்கும் நடுவில். மாலை ஆறு மணிக்குச் சிமெண்டுக் களத்தில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், சுடும். அந்தக் களத்தைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு அதன் கீழே படுத்திருக்கிறோம். பகலெல்லாம் குடித்த வெயிலை அது ராத்திரி நம்மேல் இறக்குகிறது.

2011-ல் அரசு மேசை விசிறி கொடுத்தது. 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று வந்தது. நல்ல உதவிதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். பழைய உச்சி விசிறி ஒன்றுக்குச் சுமார் 75 வாட். இரண்டு விசிறி, நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 144 யூனிட். குளிர்சாதனப் பெட்டி மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் இழுக்கும். ராத்திரி 8 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 480 முதல் 720 யூனிட். இதில் பெரும்பங்கு எதற்குப் போகிறது தெரியுமா? தளம் இறக்கிய சூட்டை வெளியே தள்ள! ஒரு பக்கம் அடுப்பை எரியவிட்டு இன்னொரு பக்கம் தண்ணீர் ஊற்றுகிற கதை.

இனி என்ன செய்யலாம்?

கான்கிரீட்டை இடிக்க வேண்டாம். பழைய வீடு செய்த வேலைகளை அதற்குத் திரும்பக் கொடுத்தால் போதும். செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறேன்.

முதல் வேலை, மொட்டை மாடிக்கு வெள்ளையடிப்பது. வெயிலில் போகும்போது வெள்ளைத் துண்டைத்தானே தலையில் போடுகிறோம்? வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். வீட்டுக்குள் 2, 3 டிகிரி குறையும். சில வீடுகளில் 5 டிகிரி வரைகூட. கிளிஞ்சல் சுண்ணாம்பு நல்ல வெள்ளை. கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர் விட்டு நீற்றி, ஒருநாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசையோ கஞ்சியோ சேருங்கள். தளத்தைக் கூட்டிக் கழுவி, வெடிப்பை அடைத்து, இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள். சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளை அண்டவிடாதீர்கள். மழையில் கரையும் என்பதால் வருஷா வருஷம் பங்குனியில் அடித்துவிடுங்கள். மழைநீர் சேமிக்கிறவர்கள் முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும்.

இது வெறும் பாட்டி வைத்தியம் என்று நினைக்காதீர்கள். 2010-ல் கடும் வெப்பத்தில் பலரைப் பறிகொடுத்த ஆமதாபாத் நகரம், 2017 முதல் ஏழைகள் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு செய்தது. தெலங்கானா அரசு 2023-ல் குளிர் கூரைக்கென்றே கொள்கை வகுத்தது.

இரண்டாவது, நிழல். மேற்குச் சுவரும் மொட்டை மாடியும்தான் அதிகம் வேகிற இடங்கள். மாடியில் பந்தல் போட்டுப் புடலை, பீர்க்கு, பாகல், அவரை ஏற்றுங்கள். தொட்டி, சாக்கு எதிலும் வரும். பாரத்தைச் சுவர் ஓரமாக வையுங்கள், தண்ணீர் தேங்கவிடாதீர்கள். காயும் கிடைக்கும், தளமும் குளிரும். கீற்றுப் பந்தல் மட்டும் வேண்டாம், தீயை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மேற்கே பதினைந்து இருபது அடி தள்ளி ஒரு வேம்போ புங்கனோ வையுங்கள். புங்க நிழலின் அருமையை ஏர் ஓட்டினவர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

மூன்றாவது, காற்று வழி. பகல் பத்து மணிக்கு மேல் வெயில் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தித் திரை போடுங்கள். பொழுது சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்ததும் எதிரெதிரே இருக்கிற ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். கொசுவுக்கு வலை அடித்துக்கொள்ளலாம். மேலே சிறு வெண்டிலேட்டர் இருந்தால் அதை அட்டை வைத்து அடைக்காதீர்கள்.

நான்காவது, தண்ணீர். ஈரோடு, கரூர், வேலூர் போலக் காற்று வறண்ட ஊர்களில் வெட்டிவேர்த் தட்டியும் தண்ணீர்க் கூலரும் நன்றாக வேலை செய்யும். கடற்கரை ஊரில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு பயன் தராது. காசைப் போடும் முன் உங்கள் ஊர்க் காற்றைப் பாருங்கள்.

ஐந்தாவது, விசிறி. அது அறையைக் குளிர வைப்பதில்லை, உடம்பு வியர்வையைத்தான் ஆற்றுகிறது. ஆள் இல்லாத அறையில் ஓடினால் வீண். அடுத்த விசிறி வாங்கும்போது 30 வாட் அளவில் ஓடுகிற பி.எல்.டி.சி. விசிறியைக் கேளுங்கள். முன்னே சொன்ன 144 யூனிட் 58 ஆகக் குறையும். காற்றின் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி அனல் காற்றைத்தான் வீசும். அப்போது ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து நிழலில் இருப்பதே நல்லது. குளிர்சாதனப் பெட்டி இருக்கிறவர்கள் 18-ல் வைக்காமல் 26-ல் வைத்து மெதுவாக விசிறியையும் ஓடவிடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒன்று. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், தளத்தின் அடிப்பாகத்தில் கம்பிகளுக்கு நடுவே மங்களூர் ஓடுகளை வைத்துக் கான்கிரீட் போடும் முறையைப் பரப்பினார். அடிப்பாகக் கான்கிரீட் பாரம் தாங்குவதில்லை என்பதால் அந்த இடத்தில் ஓடு இருக்கலாம். சிமெண்டு, கம்பி மிச்சம். ஓட்டுக்குள் காற்று நின்று சூட்டையும் தடுக்கும். முறை தெரிந்த பொறியாளரைக் கேட்டுச் செய்யுங்கள். அது முடியாவிட்டால், தட்டோடு பதிக்கிற காசை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

வாயில்லா ஜீவனையும் மறக்காதீர்கள். தகரம், சிமெண்டு ஷீட் போட்ட கொட்டிலில் கறவை மாடு பகல் முழுக்க மூச்சிரைத்தால் பால் குறையும். ஷீட்டின் மேலே வெள்ளையடியுங்கள், பகலில் மரத்தடியில் கட்டுங்கள்.

இது காசு விஷயம் மட்டுமல்ல. 2024 கோடையில் ஈரோடும் கரூரும் வேலூரும் நாள் கணக்கில் 40 டிகிரிக்கு மேல் காய்ந்தன. அந்த ஆண்டு தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்றே அறிவித்தது. பகல் வெயிலில் வேலை செய்த உடம்பு ராத்திரியில்தான் ஆற வேண்டும். ராத்திரியும் ஆறாவிட்டால் முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தை மூவருக்கும் உயிருக்கே ஆபத்து.

எங்கள் வீட்டில் 2011-ல் ஒருவழியாகச் சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்தோம். பங்குனிதோறும் அதன்மேல் வெள்ளையும் அடிக்கிறோம். அந்தக் கோடையில் அம்மா பாயை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து படுத்தார்கள். காலையில் எழுந்து, "இதை அப்பவே செஞ்சிருக்கலாமேடா" என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் அந்த வார்த்தையைக் கேட்க நேராமல், இந்தப் பங்குனிக்குள் ஒரு மூட்டைச் சுண்ணாம்பு வாங்கிவிடுங்கள்.